சாத்திய கதவும் பிள்ளைகளின் பயமும்



உங்கள் தெருவிலோ பக்கத்துத் தெருவிலோ எந்நேரமும் கதவு சாத்தியே கிடக்கிற வீடு ஒன்று இருக்கும். உள்ளே ஒரு ஆள் இருப்பது ஊருக்கே தெரியும். குழாயடிக்கு வருவதில்லை, ரேஷன் கடைக்கு வருவதில்லை, நல்லது கெட்டதுக்கும் தலை காட்டுவதில்லை. அண்ணன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இருந்து ஒரு தட்டில் சோறு போகும், தட்டு திரும்பி வரும். பெரியவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அவர்களுக்கு அந்த வீட்டை நினைத்தாலே தூக்கம் போய்விடும்.

"அந்தக் கிழவி ராத்திரியானா பூனையா மாறிரும்", "அந்த ஆளு பிள்ளைகளைச் சாக்குல கட்டித் தூக்கிட்டுப் போயிருவாரு" என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பந்து அந்த வீட்டு வாசலில் விழுந்துவிட்டால் எடுக்க ஆள் கிடையாது. கொஞ்சம் பெரிய பையன்களுக்கு அதுவே பந்தயம் ஆகிவிடும். "தைரியம் இருந்தா கதவைத் தொட்டுட்டு வாடா பாப்போம்" என்பான் ஒருவன். இன்னொருவன் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வருவான். மூன்றாவது ஆள் கல்லை விட்டெறிவான். உள்ளே இருந்து ஒரு சத்தம் வந்தால் போதும், அந்த வாரம் பூராவும் அதே பேச்சுதான்.

பயமாக இருந்தால் ஏன் அங்கேயே போய் நிற்கிறார்கள் என்று நமக்குத் தோன்றும். பிள்ளைகளுக்குப் பயமும் ஆசையும் சேர்ந்தேதான் இருக்கும். மூன்று வயதிலிருந்து ஆறு வயது வரை கதையில் வருவது எது, நிஜத்தில் இருப்பது எது என்று எப்போதும் சரியாகப் பிரித்துப் பார்க்க அவர்களால் முடியாது. பேய் என்று சொன்னால் பேய்தான். ஏழெட்டு வயதுக்குப் பிறகு அப்படி முழுதாக நம்பமாட்டார்கள். ஆனால் நிஜமா பொய்யா என்று தாங்களே பார்த்துவிட வேண்டும் என்ற குறுகுறுப்பு வந்துவிடும். பதில் சொல்ல யாரும் இல்லாததால் எட்டிப் பார்க்கிறார்கள், கல் எறிந்து பார்க்கிறார்கள். கெட்ட பிள்ளைகள் என்று அடிப்பதில் பிரயோசனம் இல்லை.

இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ஹார்ப்பர் லீ என்ற பெண் எழுத்தாளர் 1960-ல் ஒரு நாவல் எழுதினார். 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' என்று அதற்குப் பெயர். உலகம் பூராவும் படித்த புத்தகம். அதில் ஸ்கவுட் என்ற சிறுமியும் அவள் அண்ணனும் வருகிறார்கள். அதே தெருவில் பூ ராட்லி என்ற ஆள் பல வருஷமாக வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கிறார். அவர் அணிலைப் பச்சையாகத் தின்பவர் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். அவர் வீட்டைத் தொட்டுவிட்டு ஓடிவரப் பந்தயம் கட்டுகிறார்கள். ஆனால் தெருவில் இருக்கும் மரப்பொந்தில் அவர்களுக்காக மிட்டாய், பழைய காசு, சோப்பில் செதுக்கிய பொம்மை என்று ஒவ்வொன்றாக யாரோ வைக்கிறார்கள். வைத்தது அந்த ஆள்தான். கடைசியில் ஒரு ராத்திரி கெட்டவன் ஒருவன் பிள்ளைகளைக் கொல்ல வரும்போது வெளியே வந்து காப்பாற்றுவதும் அவர்தான். இத்தனை நாளும் ஜன்னல் வழியாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

நம் தெருவிலும் உள்ளே இருப்பவர் வெளியே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். கல் விழுவதும் சிரிப்பதும் அவருக்குக் கேட்கும்.

சரி, பிள்ளைகளுக்கு இந்தக் கதையெல்லாம் எங்கிருந்து வந்தது? நம்மிடம் இருந்துதான். சோறு உண்ண மாட்டேன் என்று அடம் பிடிக்கும் பிள்ளையிடம் "பூச்சாண்டிகிட்டப் பிடிச்சுக் குடுத்துருவேன்" என்கிறோம். வெயிலில் சுற்றினால் "பிள்ளை பிடிக்கிறவன் வாரான்" என்கிறோம். குடுகுடுப்பைக்காரர் வந்தால் கதவைச் சாத்துகிறோம். பூச்சாண்டி என்ற சொல்லே உடம்பெல்லாம் திருநீறு பூசி வந்த ஆண்டிகளைக் குறித்ததுதான் என்று சிலர் சொல்வார்கள். பாவம், பிச்சைக்கு வந்த மனுசன் பூதமாகிவிட்டான். வேலை நேரத்தில் பிள்ளையை அடக்க இது ஒரு சுலபமான வழி என்று நாம் நினைக்கிறோம். பெயர் இல்லாத பூச்சாண்டி என்றால்கூடப் பரவாயில்லை. "அந்த வீட்டுக்காரிகிட்ட விட்டுருவேன்" என்று ஒரு நிஜ மனுசியைக் காட்டிப் பயமுறுத்தும்போதுதான் விஷயம் கெடுகிறது.

அந்தப் பயம் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்து பெரியவர்கள் கையில் போனால் என்ன ஆகும் என்று 2018-ல் பார்த்தோம். அந்த வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. நம்மில் பலருக்கும் வந்திருக்கும். மே 9-ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூர் என்ற ஊரில், குலதெய்வம் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழியில் நின்றது. அதில் இருந்த 65 வயது அம்மா அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஊரே சேர்ந்து அடித்தது. அந்த அம்மா செத்துப்போனார். கூட வந்தவர்களுக்கும் பலத்த அடி. அதே வாரம் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், மனநலம் சரியில்லாமல் சுற்றித் திரிந்த ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அப்படி ஒரு கும்பலே வரவில்லை, எல்லாம் வதந்தி என்று போலீஸ் சொன்னது. அடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. நம்மைப் போலக் குடும்பம், குழந்தை என்று இருந்தவர்கள்தான்.

இதையும் நாம் யோசிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஆபத்து வருவது பெரும்பாலும் யாரிடம் இருந்து? குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. அதில் பதிவாகும் பாலியல் பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் செய்தவர் அந்தப் பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்தவர் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு காட்டுகிறது. சொந்தக்காரர், அக்கம்பக்கத்தார், குடும்பத்துக்குப் பழக்கமானவர் இப்படி. சாத்திய கதவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டு, திறந்த வீட்டில் தாராளமாக வந்துபோகிறவரை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

உள்ளே இருப்பவர் யார்?

பலரும் "கிறுக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கதவு சாத்தியிருப்பதற்குக் காரணம் எத்தனையோ இருக்கும். கண்ணில் புரை விழுந்து எதிரில் வருவது யார் என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிய பாட்டிகள் உண்டு. ஆபரேஷன் செய்தால் பார்வை வந்துவிடும். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை இதற்காகவே கிராமம் கிராமமாக இலவச முகாம் நடத்துகிறது. காது கேட்காததால் யாரோடும் பேசாமல் ஒதுங்கியவர்கள் உண்டு. மறதி நோய் வந்து, வெளியே விட்டால் வழி தெரியாமல் போய்விடுவார் என்று வீட்டாரே பூட்டி வைப்பதும் உண்டு.

பெண்களுக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. வெளியே சொல்ல மாட்டார்கள். பிரசவத்துக்குப் பிறகோ வயதான பிறகோ கர்ப்பப்பை இறங்கிப் போய், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிந்து, வாடை வருமே என்று கூச்சப்பட்டு விசேஷத்துக்குப் போவதை நிறுத்திக்கொள்வார்கள். கோயிலை நிறுத்துவார்கள். அப்புறம் குழுக் கூட்டத்தையும் நிறுத்துவார்கள். "அவளுக்குத் திமிரு" என்று நாம் பேசிக்கொண்டிருப்போம். இதற்கும் வைத்தியம் இருக்கிறது. வளையம் வைக்கலாம், தேவைப்பட்டால் ஆபரேஷன் செய்யலாம். அரசு ஆஸ்பத்திரியிலேயே மகப்பேறு டாக்டரிடம் காட்டலாம்.

மனநோயால் கதவைச் சாத்தியவர்களும் இருக்கிறார்கள். 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு மேல் ஏதாவது ஒரு மனநலக் குறைபாடு அப்போது இருந்தது. அவர்களில் பெரும்பாலானவர்கள் வைத்தியமே பார்க்கவில்லை. மனச்சோர்வு வந்தவருக்கு எழுந்து குளிக்கவே முடியாது. சோம்பேறித்தனம் என்று ஏசுவோம். மனச்சிதைவு என்பது வேறு. பெரும்பாலும் 15 வயதுக்கும் 30 வயதுக்கும் நடுவில் ஆரம்பிக்கும். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன், நன்றாக வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண், கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்க ஆரம்பிப்பார்கள். யாரும் பேசாதபோதே காதில் குரல் கேட்கும். தெருவில் நாலு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். அந்தக் குரல் அவர்களுக்கு நிஜமாகவே கேட்கிறது, நடிப்பு இல்லை. பயந்துபோய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் வெளியே நின்று பயப்படுவதைவிட உள்ளே இருப்பவர் படுகிற பயம் பெரிது.

பிள்ளை பெற்ற இரண்டு வாரத்துக்குள் ஒரு தாய்க்குத் தூக்கமே இல்லாமல், பேச்சு மாறி, குழந்தையையே சந்தேகமாகப் பார்த்தால் ஜன்னி என்றோ காத்து கருப்பு என்றோ அறையில் போட்டுப் பூட்டிவிடக் கூடாது. அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து.

வீட்டார் ஏன் மறைக்கிறார்கள் என்பதும் நமக்குத் தெரிந்ததே. "பைத்தியக்கார வீடு" என்று பெயர் வந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். அந்த வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் "கிறுக்கச்சி மகன்" என்று கூப்பிடுவார்கள். கல் எறிகிற பிள்ளைகளின் வகுப்பிலேயே அவனும் உட்கார்ந்திருப்பான். சில இடத்தில் கூட்டத்தோடு கூட்டமாக அவனும் தன் வீட்டைப் பார்த்துச் சிரிப்பான். வேறு என்ன செய்வான்?

நம் பக்கம் முதலில் கோடாங்கியிடம் குறி கேட்பார்கள், பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போவார்கள், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவில் கொண்டுபோய்த் தங்கவைப்பார்கள். சாமி கும்பிடுவதை யாரும் தப்பு சொல்லவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதியை மறக்க முடியாது. ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநோயாளிகள் காப்பகம் விடிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் இறந்துபோனார்கள். ஆண்களும் பெண்களும் அதில் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கை எடுத்துக்கொண்டது. இப்போது 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. மனநோய் உள்ள எவரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஒருவரை வீட்டில் வைத்துக் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் போட்டுவிட்டாலோ போலீஸ் ஸ்டேஷனில் தகவல் சொல்லலாம். அவர்கள் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும்.

கட்டி வைக்கத் தேவையே இல்லை, வைத்தியம் இருக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் என உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் ராமசுப்ரமணியன் 1992-ல் மதுரையில் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையும் மனநோயாளிகளுக்கு வைத்தியமும் மறுவாழ்வும் தருகிறது. மாத்திரை ஆரம்பித்ததும் மறுநாளே குணம் தெரியாது. சில வாரம் ஆகும். முதலில் தூக்கமாக இருக்கும், கை நடுங்கலாம், உடம்பு போடலாம். அதைப் பார்த்து நிறுத்திவிடக் கூடாது. டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். தினமும் மாத்திரை விழுங்க மறுக்கிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒரு தடவை போடும் ஊசியும் இருக்கிறது. மனநோயையும் 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கணக்கில் சேர்த்திருப்பதால், பாதிப்பின் அளவைப் பார்த்து அடையாள அட்டை வாங்கலாம்.

பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போதும். இப்படித்தான் பேச்சு வரும்.

"ஏம்மா, அந்த வீட்டு அப்பத்தா பேயாம்மா?"

"பேயெல்லாம் இல்லப்பா. அவுகளுக்கு மனசுல சுகமில்ல. உனக்குக் காய்ச்சல் வந்தா உடம்பு நடுங்குச்சுல்ல, அது மாதிரி அவுக மனசுக்கு ஒரு நோவு."

"அப்ப ஏன் தனியாப் பேசிக்கிறாக?"

"அவுக காதுக்கு யாரோ பேசுற மாதிரி கேக்கும். நமக்குக் கேக்காது. அதுக்குப் பதில் சொல்லுவாக."

"நமக்கும் ஒட்டிக்கிருமா?"

"ஒட்டாது. ஆனா நீ கல்லெறிஞ்சா அவுகளுக்கு இன்னும் பயமாயிரும்."

இவ்வளவுதான். இதைச் சொன்ன உடனே பயம் போய்விடாது. பயப்படாதே என்று அதட்டாமல் "பயமா இருந்தா எங்கிட்ட சொல்லு" என்று விடுங்கள். பந்து விழுந்தால் நீங்கள் கூடப்போய், வாசலில் நின்று "அத்தை, பந்து எடுத்துக்கிறோம்" என்று சொல்லி எடுத்துக் கொடுங்கள். அடுத்த தடவை பிள்ளையும் அத்தை என்றுதான் கூப்பிடும். முறை சொல்லிக் கூப்பிட்ட ஆளைப் பார்த்துக் கல் எறியக் கை வராது.

அதற்காகப் பிள்ளையைத் தனியாக அந்த வீட்டுக்குள் அனுப்ப வேண்டாம். அந்த வீடு என்று இல்லை, எந்த வீட்டுக்குள்ளும் நமக்குத் தெரியாமல் தனியாகப் போகக் கூடாது என்று பழக்குங்கள். தெரிந்தவரோ தெரியாதவரோ, மாமாவோ சித்தப்பாவோ, தொடக்கூடாத இடத்தில் தொட்டாலும் "அம்மாகிட்ட சொல்லாதே" என்று சொன்னாலும் அன்றைக்கே வந்து சொல்ல வேண்டும் என்று சொல்லிவையுங்கள். 1098 என்ற எண்ணைப் பிள்ளைகளுக்கே மனப்பாடம் பண்ணிக் கொடுங்கள்.

குழுவில் என்ன செய்யலாம்?

கூட்டத்தில் இதைத் தீர்மானமாகப் போட்டு, இருபது பேரும் சேர்ந்து அந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாம். உள்ளே இருப்பவருக்கு அது போதும், பயந்தே போய்விடுவார். முதலில் சோறு கொண்டுபோகிறவரைப் பாருங்கள். பெரும்பாலும் வயதான தாயாக இருப்பார். தனக்குப் பிறகு இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார் என்ற கவலையிலேயே அவருக்குப் பாதி ஆயுள் போயிருக்கும். ஒருவரோ இரண்டு பேரோ போய் உட்கார்ந்து பேசுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் துணைக்கு ஒரு ஆள் போனாலே பெரிய உதவி. அவர் நம் குழு உறுப்பினராகவும் இருக்கலாம். கடன் நோக்கம் என்ற கட்டத்தில் கறவை மாடு என்று எழுதச் சொல்லிவிட்டு, பணத்தை மகன் வைத்தியத்துக்குக் கொண்டுபோகிற அம்மாக்கள் உண்டு. வைத்தியத்துக்கு என்றே தைரியமாக எழுதலாம் என்று ஊக்குநரும் பிரதிநிதியும் சொல்ல வேண்டும்.

அப்படியே வருகைப் பதிவேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். மூன்று நான்கு கூட்டமாக வராமல் சந்தாவை மட்டும் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புகிற உறுப்பினர் யாராவது இருக்கிறாரா? அபராதம் போடுவதற்கு முன்னால் ஒரு எட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டு வரலாம்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் இது. கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். பேசுவதற்கு முன்னால் நாலு விவரத்தை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் நல்லது. அவருக்கு என்ன வயது, எத்தனை மாதமாக இப்படி இருக்கிறார், தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, முன்னால் ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா, செத்துப்போய்விடுவேன் என்று சொல்கிறாரா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.